டிசம்பரில் உட்கார வைத்தவரை மே மாதம் நம்ப முடியுமா?

2025 மே 25, இண்டியானாபொலிஸ். அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் கிழக்குப் பிரிவு இறுதித் தொடரின் மூன்றாவது ஆட்டம். சொந்த ஊரில் முதல் இரண்டு ஆட்டங்களையும் பறிகொடுத்துவிட்டு வந்திருந்த நியூயார்க் நிக்ஸ், இண்டியானா பேசர்ஸிடம் ஒரு கட்டத்தில் 20 புள்ளி பின்தங்கிவிட்டது. அன்று நிக்ஸ் பயிற்சியாளர் டாம் திபடோ தன் வழக்கத்துக்கு மாறான ஒன்றைச் செய்தார். தொடக்க ஐவரை மாற்றினார். ஜோஷ் ஹார்ட்டை மாற்று வீரர்கள் உட்காரும் பெஞ்சுக்கு அனுப்பி, மிட்செல் ராபின்சனை முதலிலேயே இறக்கினார். அது போதாதென்று, சீசனுக்குப் பின் வரும் வெளியேற்றத் தொடர்களான பிளேஆஃபில் அதுவரை பெரும்பாலும் உட்கார்ந்தே இருந்த டிலான் ரைட், லாண்ட்ரி ஷாமெட் இருவரையும் களத்துக்குள் அனுப்பினார்.

இருவரும் புள்ளி குவிக்கவில்லை. ஆனால் பேசர்ஸ் வீரர்கள் பந்தைக் கொண்டுவரும்போது விலகாமல் ஒட்டி நின்று தடுத்தார்கள். அணியின் உயிரான ஜேலன் பிரன்சன் ஐந்தாவது ஃபவுலோடு (ஆறானால் ஆட்டத்தைவிட்டே போக வேண்டும்) கடைசிக் கால் பகுதியில், அதாவது கடைசி 12 நிமிடத்தில், வெளியே உட்கார வேண்டி வந்தபோதும் அணி கலையவில்லை. கார்ல்-ஆண்டனி டவுன்ஸ் அந்தக் கால் பகுதியில் மட்டும் 20 புள்ளி எடுத்தார். நிக்ஸ் 106-100 என்று வென்றது.

ரைட்டும் ஷாமெட்டும் அன்று காலையில் அணிக்கு வந்தவர்கள் இல்லை. ரைட் பிப்ரவரியிலிருந்தே அணியில் இருந்தார். ஷாமெட் அதற்கும் முன்பிருந்தே. 82 ஆட்டம் கொண்ட சீசன் முடிந்து, பிளேஆஃபில் இரண்டு சுற்று முடிந்து, மூன்றாவது சுற்றில் 0-2 என்று வேறு வழியே இல்லாமல் போன பிறகுதான் பிளேஆஃபில் பயிற்சியாளர் அவர்களை நம்பி இறக்கினார். அந்தத் தொடரை நிக்ஸ் 2-4 என்று இழந்தது. ஜூன் 3ஆம் தேதி திபடோவின் வேலையும் போனது.

பெஞ்ச் வீரர்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஓய்வு என்ற ஒரு சொல்லில் முடிந்துவிடுகிறது. முக்கிய வீரர்கள் களைக்காமல் இருக்க மற்றவர்களை ஆட விட வேண்டும், அவ்வளவுதான் என்று நினைக்கிறோம். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதியை நான் முக்கியமானதாக நினைக்கிறேன். நவம்பரிலும் ஜனவரியிலும் பெஞ்ச் வீரருக்குக் கொடுக்கும் நிமிடங்கள் அவருக்கான பழக்கம். அந்தப் பழக்கத்தை மே மாதத்தில் அவசரத்துக்கு வாங்க முடியாது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஓர் என்பிஏ ஆட்டம் 48 நிமிடம். களத்தில் எப்போதும் ஐந்து பேர். ஆக, ஒவ்வோர் ஆட்டத்திலும் பங்கிட்டுக் கொடுக்கப் பயிற்சியாளர் கையில் 240 நிமிடம் இருக்கிறது. தொடக்க ஐவருக்கு ஆளுக்கு 36 நிமிடம் கொடுத்தால் 180 போய்விடும். மிச்சம் 60. அதை மூன்று பேர், மிஞ்சினால் நான்கு பேர் பகிர்ந்துகொள்ளலாம். அதே ஐவருக்கு 31 நிமிடம் கொடுத்தால் மிச்சம் 85. இப்போது ஐந்து பேர் ஆளுக்கு 17 நிமிடம் ஆடலாம்.

ஐந்து நிமிடம் ஒரு ஆட்டத்தில் பெரிதாகத் தெரியாது. 82 ஆட்டத்துக்குப் பெருக்கினால் 410 நிமிடம். எட்டரை முழு ஆட்டத்துக்குச் சமம். அக்டோபர் கடைசியில் தொடங்கி ஏப்ரல் நடுப்பகுதி வரை வாரத்துக்கு மூன்று, நான்கு ஆட்டம். சில வாரங்களில் அடுத்தடுத்த இரவுகளில் இரண்டு வெவ்வேறு ஊர்களில் ஆட்டம். இடையில் விமானம், ஹோட்டல், நேர மாற்றம். அந்த ஓட்டத்தில் எட்டரை ஆட்டம் கூடுதலாக ஆடிய கால்களும் ஆடாத கால்களும் பிளேஆஃபுக்குள் ஒன்றுபோல நுழைவதில்லை.

2024-25 சீசனில் ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக அதிக நிமிடம் ஆடியவர் நிக்ஸின் ஜோஷ் ஹார்ட், 37.6 நிமிடம். சீசன் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் லீகிலேயே அதிக நிமிடம் ஆடியவர் அதே அணியின் மிகால் பிரிட்ஜஸ். பிரன்சன், ஹார்ட், பிரிட்ஜஸ், அனுனோபி, டவுன்ஸ் ஆகிய ஐவரும் சேர்ந்து களத்தில் நின்ற நேரம் 940 நிமிடம். வேறு எந்த அணியின் எந்த ஐவரும் அந்த சீசனில் அவ்வளவு நேரம் சேர்ந்து ஆடவில்லை. மார்ச் மாதம் பிரிட்ஜஸ் வெளிப்படையாகவே பேசினார். அணியில் ஆடக்கூடியவர்கள் நிறைய இருக்கிறார்கள், இவ்வளவு நேரம் ஆடுவது உடம்புக்கு நல்லதில்லை, பயிற்சியாளரிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன் என்றார். அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்றார் திபடோ. யார் சொன்னது சரி என்பதைவிட, ஆட்டத்தைத் தவறவே விடாத வீரர் என்று பெயரெடுத்த பிரிட்ஜஸே அப்படி வாய் திறந்தார் என்பதுதான் என்னை நிற்க வைத்தது.

களைப்பு எங்கே தெரியும்? கூடைப்பந்து ஆடியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: ஷாட் கையிலிருந்து கிளம்புவதாகப் பார்ப்பவருக்குத் தோன்றும், ஆனால் அதற்கு விசை கொடுப்பது கால். கால் சோர்ந்தால் கை அதே வேலையைத்தான் செய்யும்; பந்து மட்டும் வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பும். ஒரு வீரரின் மூன்று புள்ளி ஷாட்கள் தொடர்ந்து குறைவாக விழுகின்றன என்றால் அவருடைய கையைப் பார்க்காதீர்கள், முழங்காலைப் பாருங்கள். தடுப்பாட்டத்தில் இன்னும் சீக்கிரம் தெரியும். மூலையில் நிற்கும் எதிரணி வீரரை நோக்கி ஓட வேண்டியவர் அரை எட்டு தாமதமாக ஓடுவார். எதிரணி பந்தைப் பிடித்து ஓடத் தொடங்கும்போது முதல் மூன்று எட்டு நடப்பார். டைம் அவுட் விசில் ஊதியதும் குனிந்து கால்சட்டை நுனியைப் பிடித்துக்கொள்வார். புள்ளி விவரத் தாளில் இது எதுவும் வராது. ஆட்டத்தின் முடிவில் மட்டும் வரும்.

இதற்கு நான் நினைவில் வைத்திருக்கும் உதாரணம் டிம் டங்கன். 2013 இறுதித் தொடர், ஆறாவது ஆட்டம், மயாமி. சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் 3-2 என்று முன்னிலை. இன்னும் ஒரு வெற்றி கிடைத்தால் கோப்பை. 37 வயது டங்கன் முதல் பாதியில் மட்டும் 25 புள்ளி எடுத்தார். ஆட்டம் முடிந்தபோது அவர் கணக்கில் 30. கடைசிக் கால் பகுதியிலும், சமனானதால் ஆடிய கூடுதல் நேரமான ஓவர்டைமிலும் ஒரு புள்ளி கூட இல்லை. ஆட்டம் முடிய 28 விநாடி இருக்கும்போது ஸ்பர்ஸ் ஐந்து புள்ளி முன்னால் இருந்தது. முன்னிலை மூன்றாகச் சுருங்கியிருக்க, 5.2 விநாடி மிச்சமிருக்கும்போது மயாமியின் ரே ஆலன் மூலையிலிருந்து எறிந்த மூன்று புள்ளி ஷாட் அதைச் சமன் செய்தது. அந்த ஷாட்டுக்கு வழி செய்த ரீபவுண்டை, அதாவது முந்தைய ஷாட் தவறித் திரும்பிய பந்தை, மயாமியின் கிறிஸ் பாஷ் எடுத்தபோது டங்கன் களத்தில் இல்லை. வெளியே ஓடித் தடுக்கக்கூடிய இளம் கால்கள் வேண்டும் என்று பயிற்சியாளர் கிரெக் பாப்போவிச் அவரை வெளியே எடுத்திருந்தார். ஓவர்டைமில் தோற்றார்கள். ஏழாவது ஆட்டத்திலும் தோற்றார்கள்.

பெஞ்ச் விஷயத்தில் பாப்போவிச் அதற்கு முன்பே பெயர் வாங்கியவர். 2012 நவம்பர் 29 அன்று மயாமியில் நாடு முழுக்க ஒளிபரப்பான ஆட்டத்துக்கு முன், டங்கன், டோனி பார்க்கர், மனு ஜினோபிலி, டேனி கிரீன் நால்வரையும் ஆட்டத்துக்கே நிற்காமல் விமானம் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார். ஐந்து இரவில் நான்காவது ஆட்டம் அது. தொடர்ச்சியாக வெளியூரில் ஆறாவது. அன்றைய லீக் தலைவர் டேவிட் ஸ்டெர்ன் கோபப்பட்டார். ஸ்பர்ஸுக்கு 2,50,000 டாலர் அபராதம் போட்டார். இவ்வளவுக்கும் மிச்சமிருந்த பெஞ்ச் வீரர்கள் நடப்புச் சாம்பியனான மயாமியிடம் 100-105 என்று கடைசி நிமிடம் வரை போராடித்தான் தோற்றார்கள்.

2013 தோல்விக்கு அடுத்த சீசனில் அவர் இதை ஒரு முழு முறையாகவே மாற்றிவிட்டார். முந்தைய சீசனில் பார்க்கர் சராசரி 32.9 நிமிடமும் டங்கன் 30.1 நிமிடமும் ஆடியிருந்தார்கள். 2013-14இல் பார்க்கர் 29.4, டங்கன் 29.2, கவாய் லெனார்ட் 29.1. அணியில் ஒருவர் கூட 30 நிமிடத்தைத் தொடவில்லை. என்பிஏ வரலாற்றில் எந்த அணியிலும் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. ஆனாலும் 62 வெற்றி, லீகிலேயே முதலிடம்.

அந்த அணியின் இரண்டாவது வரிசை எனக்கு மிகவும் பிடித்தது. அர்ஜென்டினாவின் ஜினோபிலி, பிரான்ஸின் போரிஸ் டியாவ், இத்தாலியின் மார்கோ பெலினெல்லி, ஆஸ்திரேலியாவின் பாட்டி மில்ஸ். இவர்களை பாப்போவிச் முடிவு தெரிந்துவிட்ட ஆட்டங்களின் கடைசி ஐந்து நிமிடத்துக்காக வைத்திருக்கவில்லை. ஆட்டம் இழுபறியாக இருக்கும் இரண்டாவது கால் பகுதியிலும், நான்காவது கால் பகுதியின் தொடக்கத்திலும் இறக்கினார். பந்து ஐந்து கை மாறி, கடைசியில் காலியாக நிற்பவரிடம் போய்ச் சேரும் அந்த ஆட்டம் ஒரே நாளில் வராது. ஜினோபிலி எந்தப் பக்கம் திரும்புவார், டியாவ் பந்தை வாங்கியதும் எந்த மூலைக்கு எறிவார் என்று மில்ஸுக்கு யோசிக்காமலே தெரிய வேண்டும். மாதக்கணக்கில் ஒன்றாக ஆடினால்தான் அது தெரியும்.

அந்தப் பனிக்காலத்தில் அணிக்குக் காயங்களும் நிறைய. லெனார்ட் கை எலும்பு முறிந்து ஒரு மாதம் ஆடவில்லை. கிரீன், ஸ்ப்ளிட்டர், பார்க்கர் என்று ஆள் மாற்றி ஆள் வெளியே. அந்த இடைவெளியில் பெஞ்ச் வீரர்களுக்கு நிஜமான பொறுப்பு கிடைத்தது. பிப்ரவரி கடைசியில் லெனார்ட் திரும்பினார். அணி தொடர்ந்து 19 ஆட்டம் ஜெயித்தது. மற்ற அணிகள் மூச்சு வாங்கும் மார்ச் மாதத்தில் இவர்கள் தோற்கவே இல்லை.

பலன் எப்படி வந்தது என்பதற்கு இரண்டு காட்சிகள். மேற்குப் பிரிவு இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம், ஒக்லஹோமா சிட்டியில். பார்க்கருக்குக் கணுக்கால் பிரச்சினை. இரண்டாம் பாதியில் ஆடவே முடியவில்லை. அணியின் முதன்மைப் பந்து கையாளுநர் இல்லாமல், ரஸ்ஸல் வெஸ்ட்புரூக், கெவின் டுரான்ட் ஆடும் அரங்கில், அவர்களுடைய ரசிகர்கள் நடுவே ஆட வேண்டும். மில்ஸும் கோரி ஜோசப்பும் அந்த வேலையைப் பகிர்ந்துகொண்டார்கள். பெஞ்சிலிருந்து வந்த டியாவ் 26 புள்ளி எடுத்தார். ஓவர்டைமில் ஸ்பர்ஸ் 112-107 என்று வென்றது. அந்த ஓவர்டைமில் அணியைத் தூக்கிப் பிடித்தவர்களில் ஒருவர் 38 வயது டங்கன். ஒரு வருடத்துக்கு முன் இதே போன்ற நேரத்தில் கால் வராமல் நின்ற அதே டங்கன்.

இரண்டாவது காட்சி, இறுதித் தொடரின் கடைசி ஆட்டம், 2014 ஜூன் 15. எதிரே மறுபடியும் மயாமி. மூன்றாவது கால் பகுதியில் மட்டும் மில்ஸ் 14 புள்ளி எடுத்தார். சீசன் முழுவதும் ஆட்டத்துக்கு 19 நிமிடம் ஆடிய ஒருவர், கோப்பையைத் தீர்மானிக்கும் இரவில், கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே, ஜனவரி மாதத்துச் சாதாரண செவ்வாய்க்கிழமையில் எறிவது போலத்தான் எறிந்தார். தொடரை ஸ்பர்ஸ் 4-1 என்று வென்றது. ஐந்து ஆட்டத்திலும் சேர்த்து வித்தியாசம் 70 புள்ளி, ஆட்டத்துக்குச் சராசரி 14. இறுதித் தொடர்களின் வரலாற்றில் அவ்வளவு பெரிய வித்தியாசம் அதுவரை வந்ததில்லை. எதிரணியில் லெப்ரான் ஜேம்ஸ் அந்த சீசனில் சராசரி 37.7 நிமிடம் ஆடியிருந்தார், தொடர்ந்து நான்காவது வருடமாக இறுதித் தொடர் வரை வந்திருந்தார். குளிர்சாதனம் பழுதாகி அரங்கம் கொதித்த முதல் ஆட்டத்தின் கடைசியில் தசைப்பிடிப்பால் அவரைத் தூக்கித்தான் வெளியே கொண்டுபோனார்கள். அந்த வெப்பம் எல்லாருக்கும் பொதுதான். ஆனால் மாற்றி மாற்றி இறக்க எட்டு, ஒன்பது பேர் தயாராக இருந்த அணிக்கு அது குறைவாகவே சுட்டது.

பெஞ்சுக்கு மூன்றாவது பயன் ஒன்று உண்டு. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஒரே ஐவரையே எப்போதும் இறக்கினால் எதிரணிப் பயிற்சியாளருக்கு வேலை சுலபம். நிக்ஸின் ஐவர் சீசனின் முதல் மாதங்களில் புள்ளிகளைக் குவித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு எதிரணிகள் ஒரு வழியைக் கண்டுபிடித்தன. தூரத்திலிருந்து அதிகம் எறியாத ஹார்ட்டைத் தங்கள் உயரமான வீரரிடம் விட்டுவிட்டு, வேகமான இன்னொருவரை டவுன்ஸ் மேல் நிறுத்தின. டவுன்ஸின் பலமே அவரைவிட மெதுவான உயரமான ஆட்களைத் தூரத்துக்கு இழுப்பதுதான், அது அடைபட்டது. அந்தப் பூட்டைத் திறக்க வேறு சாவிகள் பெஞ்சில் இருந்தன. போட்டுப் பார்க்க 82 ஆட்டம் இருந்தது. போட்டுப் பார்த்தது பிளேஆஃபின் மூன்றாவது சுற்றில். அதற்குள் அதே ஐவர் பிளேஆஃபில் சேர்ந்து ஆடிய நிமிடங்களில் எதிரணிகளைவிடக் குறைவான புள்ளியே எடுத்திருந்தார்கள்.

எதிர்ப்பக்கத்தில் பேசர்ஸ் பயிற்சியாளர் ரிக் கார்லைல். பேசர்ஸ் அந்த சீசனை 10 வெற்றி, 15 தோல்வி என்று மோசமாகத் தொடங்கியது. அப்போதும் அவர் ஆட்களைச் சுருக்கவில்லை. அணியின் பெரிய பெயரான டைரீஸ் ஹாலிபர்ட்டனே சராசரி 34 நிமிடத்தைத் தொடவில்லை. டி.ஜே. மக்கானல், ஓபி டாப்பின், பெனடிக்ட் மாத்துரின், பென் ஷெப்பர்ட் என்று ஒன்பது, பத்துப் பேர் முறை வைத்து ஆடினார்கள். பத்துப் பேர் இருப்பதை அவர் ஓய்வாக மட்டும் பார்க்கவில்லை, ஆயுதமாகவும் பார்த்தார். பெரும்பாலான அணிகள் எதிரணி பந்தோடு பாதிக் களம் தாண்டி வரும்வரை காத்திருக்கும். பேசர்ஸ் மறுமுனையிலிருந்தே, 94 அடி நீளத்துக்கும் பிரன்சனை ஒட்டித் தொந்தரவு செய்தது. அதைச் செய்பவர் சீக்கிரம் களைத்துவிடுவார்; பரவாயில்லை, அடுத்தவர் வருவார். அதற்கு ஈடு கொடுக்க வேண்டிய பிரன்சனுக்கு மாற்று இல்லை.

அந்தத் தொடரின் முதல் ஆட்டம் மே 21 இரவு நியூயார்க்கில் நடந்தது. நம் ஊரில் 22ஆம் தேதி விடிகாலை. பாதி ஊர் எழுந்திருக்காத நேரத்தில் போனில் அதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆட்டம் முடிய மூன்று நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது நிக்ஸ் 14 புள்ளி முன்னால். பேசர்ஸின் ஏரன் நெஸ்மித் கடைசிக் கால் பகுதியில் ஆறு மூன்று புள்ளி ஷாட்களைப் போட்டார். நிக்ஸ் பந்தைத் தவறவிட்டது. கடைசி விநாடிகளில் டவுன்ஸும் அனுனோபியும், எதிரணியின் ஃபவுலுக்காக ஆளுக்குக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவில் ஒன்றைத் தவறவிட்டார்கள். நேரம் முடியும் கணத்தில் ஹாலிபர்ட்டன் எறிந்த பந்து வளையத்தில் பட்டு வானுக்கு எழும்பி, நேராகக் கீழே விழுந்து கூடைக்குள் போனது. 125-125. ஓவர்டைமில் பேசர்ஸ் 138-135 என்று வென்றது. இந்தச் சரிவு முழுவதையும் களைப்பின் தலையில் கட்ட நான் தயாரில்லை. பந்து வளையத்தில் அப்படி எழும்பியது களைப்பால் இல்லை. ஆனால் தாமதமாகப் போய்ச் சேர்ந்த தடுப்பும், உள்ளே போகாத ஃப்ரீ த்ரோவும் கால்கள் பேசும் இடங்கள்.

பேசர்ஸ் இறுதித் தொடர் வரை போனது. ஒக்லஹோமா சிட்டிக்கு எதிரான அதன் மூன்றாவது ஆட்டம் பெஞ்சின் ஆட்டம் என்றே சொல்ல வேண்டும். மாத்துரின் 22 நிமிடத்தில் 27 புள்ளி. உயரம் குறைந்த, முப்பது வயதைத் தாண்டிய மக்கானல் 10 புள்ளி, 5 அசிஸ்ட் (புள்ளிக்கு வழி செய்த பாஸ்), 5 ஸ்டீல் (பந்தைப் பறித்தது). எதிரணி எல்லைக்கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே போடும்போதே பாய்ந்து பிடுங்கினார். இரு பெஞ்சுகளும் எடுத்த புள்ளியை ஒப்பிட்டால் 49-18. பேசர்ஸ் 116-107 என்று வென்றது. இதே பிளேஆஃபில் டென்வர் அணி ஏழாவது ஆட்டத்தில் ஒக்லஹோமாவிடம் நொறுங்கிய பிறகு, அதன் நட்சத்திர வீரர் நிகோலா யோகிச் சொன்னதன் சாரமும் இதுதான்: நீளமான பெஞ்ச் வைத்திருக்கும் அணிகள்தான் ஜெயித்துக்கொண்டிருக்கின்றன.

இப்போது மறுபக்கம். அது பலமான மறுபக்கம், அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்காது.

முதலாவது, எது காரணம், எது விளைவு என்ற சிக்கல். நல்ல அணி மூன்று கால் பகுதியிலேயே 20 புள்ளி முன்னால் போய்விடும். நான்காவதில் முக்கிய வீரர்கள் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுடைய சராசரி நிமிடம் தானாகக் குறையும். 2024-25இல் 68 ஆட்டம் ஜெயித்த ஒக்லஹோமா அப்படிப்பட்ட அணி. அவர்கள் குறைவாக ஆடியதால் ஜெயித்தார்களா, ஜெயித்ததால் குறைவாக ஆடினார்களா? இரண்டும்தான். அதனால்தான் நிமிடக் கணக்கை மட்டும் வைத்து ஒரு பயிற்சியாளரைத் தீர்ப்பது தவறு. அந்த நிமிடங்கள் ஆட்டத்தின் எந்தக் கட்டத்தில் கொடுக்கப்பட்டன என்று பார்க்க வேண்டும். முடிவு தெரிந்த பிறகு கிடைக்கும் ஆறு நிமிடம் பெஞ்ச் வீரருக்கு எதையும் கற்றுத் தராது.

இரண்டாவது, காயம் யாருக்கும் கட்டுப்படாது. திபடோ சிகாகோ புல்ஸில் இருந்தபோது, 2012 ஏப்ரல் 28 அன்று, பிளேஆஃபின் முதல் ஆட்டத்தில் 12 புள்ளி முன்னிலையில், 1 நிமிடம் 22 விநாடி மிச்சம் இருக்கும்போது டெரிக் ரோஸின் முழங்கால் தசைநார் கிழிந்தது. அவரை ஏன் அப்போதும் களத்தில் வைத்திருந்தார் என்ற கேள்வி இன்றுவரை திபடோவைத் துரத்துகிறது. ஆனால் ரோஸ், சுருக்கப்பட்டிருந்த அந்த சீசனின் 66 ஆட்டத்தில், காயங்களால் 39தான் ஆடியிருந்தார். அதிகம் ஆடியதால் வந்த காயம் என்று அதைச் சொல்ல முடியாது. மறுபுறம், நிமிடங்களை அவ்வளவு கவனமாகப் பங்கிட்ட கார்லைலின் அணியில்தான், 2025 இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் ஹாலிபர்ட்டனின் குதிகால் தசைநார் அறுந்தது. கெண்டைக்கால் வலியோடு ஆடிக்கொண்டிருந்தவர். கோப்பையும் போனது.

மூன்றாவது, பயிற்சியாளரின் பயம். அது நியாயமான பயம். 2024-25 சீசனின் முடிவில் மேற்குப் பிரிவில் 3ஆம் இடத்துக்கும் 8ஆம் இடத்துக்கும் இடையே இருந்தது இரண்டே வெற்றி. ஜனவரியில் பெஞ்சை நம்பி விட்டுக்கொடுத்த ஒரு ஆட்டம், நேரடியாக பிளேஆஃபுக்குப் போவதா, தகுதிச் சுற்றில் மாட்டுவதா என்பதைத் தீர்மானித்துவிடலாம். பயிற்சியாளரின் சம்பளமும் அந்த ஒரு வெற்றியில் தொங்குகிறது. லீகும் இப்போது சும்மா விடுவதில்லை. நட்சத்திரங்களை நினைத்தபோதெல்லாம் உட்கார வைக்கக் கூடாது என்று 2023-24 முதல் விதி இருக்கிறது. 65 ஆட்டமாவது ஆடாதவருக்குப் பெரிய விருதுகள் கிடையாது. ஆட்டத்தையே தவிர்க்க வைப்பது கடினமாகிவிட்டதால், ஆடும் ஆட்டத்துக்குள் நிமிடத்தைக் குறைப்பதன் மதிப்பு முன்பைவிடக் கூடியிருக்கிறது.

திபடோ பக்கமும் ஒரு சொல். அந்தக் களைத்த நிக்ஸ்தான் அதே பிளேஆஃபில், நடப்புச் சாம்பியனான பாஸ்டனை, அதன் சொந்த அரங்கில் தொடர்ந்து இரண்டு ஆட்டத்தில் 20 புள்ளி பின்தங்கிய நிலையிலிருந்து மீண்டு வீழ்த்தியது. 25 வருடத்துக்குப் பிறகு அந்த ஊருக்கு ஒரு பிரிவு இறுதித் தொடர் கிடைத்தது அவரால்தான். மனிதர் சோம்பேறித்தனமாக யோசிப்பவர் இல்லை. தன் கையில் இருக்கும் மிகச் சிறந்த ஐவரை நம்பினார், அளவுக்கு மேல் நம்பினார்.

நம்பிக்கையைப் பங்கிட்டும் கோப்பை வாங்க முடியும் என்பதற்கு 2014-15 கோல்டன் ஸ்டேட் சாட்சி. அதுவரை தன் வாழ்நாளில் ஆடிய 758 ஆட்டத்திலும் தொடக்க ஐவரில் இருந்த ஆண்ட்ரே இகுடாலாவை, முதல் வருடப் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர் பெஞ்சுக்கு அனுப்பினார். அவருக்கு வலித்திருக்கும். ஆனால் பெஞ்ச் என்பது இரண்டாம்தர இடம் இல்லை என்று அணியில் உள்ள எல்லாருக்கும் புரிந்தது. அந்த சீசனின் 82 ஆட்டங்களில் ஒன்றைக்கூட அவர் தொடங்கவில்லை. இறுதித் தொடரில் அணி 1-2 என்று பின்தங்கியபோது, நான்காவது ஆட்டத்தில் கெர் அவரைத் தொடக்க ஐவரில் போட்டார். அதன்பின் அணி மூன்று ஆட்டத்தையும் வென்றது. இறுதித் தொடரின் மிகச் சிறந்த வீரர் விருது இகுடாலாவுக்கு. தொடருக்கு நடுவே ஐவரை மாற்றியது கெரும் திபடோவும் செய்த ஒரே வேலைதான். கெர் இறக்கிய ஆள் ஏழு மாதமாக முக்கியமான நிமிடங்களை ஆடிக்கொண்டிருந்தவர். ரைட்டும் ஷாமெட்டும் அந்த பிளேஆஃபில் அன்றுதான் உடம்பைச் சூடேற்றிக்கொண்டார்கள்.

திபடோவுக்குப் பிறகு நிக்ஸ் தேர்ந்தெடுத்த பயிற்சியாளர் மைக் பிரவுன். சான் அன்டோனியோவில் 2003 கோப்பை வரை பாப்போவிச்சின் பக்கத்து நாற்காலியில் உதவியாளராக இருந்தவர். பிறகு கோல்டன் ஸ்டேட்டில் ஆறு சீசன், கெரின் பக்கத்து நாற்காலியில்.